தேர் பார்க்கப் போட்ட கம்பி

எண்பதுகளில் மலேசியாவின் கிள்ளானில் மூன்றாம் மாடியில் வீடு வாங்கினோம். "பால்கனிக்கு நெடுக்குக் கம்பி போடுங்க, குறுக்கால போட்டா பிள்ள ஏறும்," என்றாள் மனைவி.

"ஜெயில் மாதிரி இருக்கும்லா," என்று குறுக்குக் கம்பியே போட்டேன். உட்கார்ந்தபடியே கோயில் தேர் பார்க்கலாமே! கம்பியின் உயரம் கட்டட விதிப்படி இருந்தது. அது போதுமென்று நினைத்தேன்.

தேரன்று தேங்காய் உடைக்கக் கீழே இறங்கினேன். நிமிர்ந்து பார்த்தால், என் நாலு வயது மகள் கம்பியில் ஏறி, பாதி உடம்பு வெளியே தொங்க நிற்கிறாள். கத்தினேன். மேளச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. நல்லவேளை, மனைவி பாய்ந்து வந்து கவுனைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

மூச்சிரைக்க மேலே ஓடினேன்.

"தேர் பார்க்கத்தானேப்பா ஏணி போட்டீங்க?" என்று அழுதாள் மகள்.

மறுவாரமே கம்பியை மாற்றினேன். மனைவி என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.