துரை பங்களாவில் எங்கம்மா படம்

இன்னைக்குப் பந்திங் பக்கம், இப்போ மியூசியமா வெச்சிருக்கிற பழைய தோட்டத்துத் துரை பங்களா பார்க்கப் போனோம். நான், மகன் சேகர், மருமகள் மாலா, பேத்தியைப் பெண் கேட்டு வந்திருக்கிற சுபாங் ஜெயா சம்பந்தி ரெண்டு பேர்.

சுவத்துல ஒரு படம். துரைக்கும் துரைசானிக்கும் பேர் போட்டிருக்கு. நாய்க்குக்கூட டிக்கின்னு போட்டிருக்கு. பின்னால நிக்கிற பொம்பளைக்கு மட்டும் 'வேலைக்காரி'.

அது எங்கம்மா. அவங்க படம் எங்ககிட்ட ஒண்ணுகூட இல்லை. இத்தனை வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் அந்த முகத்தைப் பார்த்தேன்.

சுத்திக் காட்டுற பொண்ணுகிட்ட, "இது எங்கம்மா, பேரு அஞ்சலை"ன்னு சொன்னேன்.

"அப்படியா ஆன்டி! இருங்க, எழுதிக்கிறேன், பேரைப் போட்டுடலாம்"னு பேனாவை எடுத்தா.

சேகர் சம்பந்தி முகத்தைப் பார்த்தான். தன் பாட்டி வேலைக்காரின்னு அவங்களுக்குத் தெரியக்கூடாதாம்.

"சோரி லா, அம்மாவுக்கு ஞாபகம் போச்சு, யாரைப் பார்த்தாலும் சொந்தம்பாங்க"ன்னு சிரிச்சான்.

அவ பேனாவை மூடிட்டா.

"சத்தியமா எங்கம்மாதான்"னு கெஞ்சினேன். கையைப் பிடிச்சு என்னைக் காருக்கு இழுத்துட்டு வந்துட்டான்.

அந்தப் பக்கம் போறவங்க யாராவது அந்தப் பொண்ணுகிட்ட, படத்துல பின்னால நிக்கிறது அஞ்சலைன்னு சொல்லுங்களேன். கும்பிட்டுக் கேக்கிறேன்.

எனக்கு ஞாபகம் போச்சாம். சாகிற வரைக்கும் இதை மறக்கிறேனான்னு பாருடா, சேகர்.