தை மாத ஞாயிறும் சின்னமனூர் சிம்பொனியும்

சின்னமனூருக்கு நான் போனது மேகமலை பார்க்க அல்ல. நண்பர் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அதில் அந்த ஊரைச் சேர்ந்த முப்பது பேர் வயலின், செல்லோ, டிரம்பெட்டோடு உட்கார்ந்து ஒரு சிம்பொனி வாசித்தார்கள். நடத்தியவர் ஐசக், மோட்டார் பம்புக் கடைக்காரர். நானும் பொழுதுபோக்குக்கு வயலின் வாசிப்பவன்தான். வீடியோவில் இருந்த எண்ணுக்கு, ஒத்திகை பார்க்க வரலாமா என்று கேட்டேன். ‘வாங்க’ என்று மட்டும் பதில் வந்தது. தை மாதம் ஒரு ஞாயிறு கிளம்பினேன்.

மதுரை ஆரப்பாளையத்தில் காலை 9.10க்கு பஸ். தேனி 76 கிலோமீட்டர், டிக்கெட் 65 ரூபாய், இரண்டு மணி நேரம். அங்கிருந்து சின்னமனூருக்கு இன்னும் 23 கிலோமீட்டர், 25 ரூபாய். வழி முழுக்கத் தூறல். மலை கண்ணுக்கே தெரியவில்லை.

ஐசக் சார் கடைக்குப் போகணும் என்றதும் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“அவுக ஆவணியிலயே இறந்துட்டாகளே. உங்களுக்குத் தெரியாதா?”

எனக்குப் பதில் அனுப்பியது அவர் மனைவி மெர்சி அக்கா என்பது கடைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. ஆட்டோவுக்கு 40 ரூபாய்.

கடை மாடியில் முப்பது நாற்காலி போட்டிருந்தது. மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் ஒத்திகைக்கு வந்தவர்கள் ஆறு பேர். இன்றைக்கு முகூர்த்தம், அதான் என்றார் மெர்சி அக்கா. குழுவில் ஊதுகிறவர்கள் எல்லாரும் கல்யாண பேண்டு செட்காரர்கள். மார்கழியில் கல்யாணம் கிடையாது, அதனால் எல்லாரும் வருவார்கள். தை பிறந்தால் ஆள் கிடைப்பது கஷ்டம். அக்காவுக்கு இசை தெரியாது. சனிக்கிழமைதோறும் முப்பது பேருக்கும் போன் போடுவது மட்டும்தான் தன் வேலை என்றார்.

குழு தொடங்கிய கதையைச் சொன்னவர் கிளாரினெட் முருகேசன் அண்ணன். ஒரு நாள் கல்யாண ஊர்வலம் கடை வாசலைத் தாண்டியபோது, ஐசக் கல்லாவை விட்டு இறங்கி மண்டபம் வரை கூடவே நடந்து, பேண்டுக்காரர்களிடம் இசை நோட்டு படிக்கத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார். தெரியாது. அதன் பிறகு ஒரு வருஷம் இதே மாடியில் பேண்டு செட்காரர்களுக்கு நோட்டு படிக்கக் கற்றுக் கொடுத்தார். சர்ச் பாடகர் குழுவிலிருந்து வயலின்காரர்கள் வந்தார்கள்.

அடக்கத்துக்குக் குழுவே வாசித்ததா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. முருகேசன் அண்ணன் கிளாரினெட்டின் வாயை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அன்னிக்கும் முகூர்த்தம் தம்பி. அட்வான்ஸ் வாங்கியிருந்தோம், விட முடியல. பஜார் முக்குல நாங்க மாப்பிள்ளைக்கு முன்னால வாசிச்சிட்டுப் போறோம், எதிர்க்க அவுக வண்டி வருது. கல்யாண வீட்டுக்காரக நிறுத்தச் சொன்னாக. வண்டி தாண்டுற வரைக்கும் வாசிக்காம நின்னோம். அவுகளுக்கு நாங்க செஞ்சது அம்புட்டுத்தான்.”

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம் எதையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய செட்டே அவரை விட்டுவிட்டு வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டது. மெர்சி அக்கா இதை அவர் இல்லாதபோது சொன்னார்.

அன்று ஏழாவது ஆளாக நானும் இரவல் வயலினோடு உட்கார்ந்தேன். டிரம்பெட் வர வேண்டிய இடத்தில் எல்லாரும் வாய்க்குள் எண்ணிக்கொண்டு காத்திருந்தோம். பிறகு வயலின் தொடர்ந்தது. நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். சித்திரைக்குள் வாரம் பத்துப் பேராவது வரத் தொடங்காவிட்டால் மாடியை வாடகைக்கு விடச் சொல்லி மகன் கேட்பதாக அக்கா சொன்னார். அவர் அழவில்லை. அடுத்த வாரத்துக்குப் பெயர்களைக் குறித்துக்கொண்டிருந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: முழுக் குழுவையும் கேட்க வேண்டுமென்றால் மார்கழி ஞாயிறு. தேனிக்குத் திரும்ப 5.30க்கு முன் பஸ் ஏறிவிடுங்கள், அதற்கு மேல் நெரிசல். வாசிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் காலண்டரில் முகூர்த்த நாள் பார்த்து, அந்த ஞாயிறு போங்கள். வாத்தியத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள். நான் இதுவரை மூன்று முறை போய்விட்டேன். கடைசியாகப் போனபோது நாங்கள் ஐந்து பேர்.