வேன் கதவைத் திறந்து இறங்கியவள்

போர்க் காலத்தில் நாங்கள் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில், ஒரு சந்துக்குள், குடியிருந்தோம். நகரில் எங்கோ குண்டு வெடித்ததற்கு அடுத்த நாள் காலை அது. வேலைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த எனக்கு, நெஞ்சில் யாரோ ஏறி மிதிப்பது போல் இருந்தது. இடது கை விறைத்தது. உடம்பெல்லாம் வியர்வை. வாயுவாக இருக்கும் என்று சொல்லிப் படுக்கப் போனேன்.

"படுக்கிற கதை வேண்டாம், எழும்புங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றாள் மனைவி.

ஒழுங்கை வாசலைத் தள்ளுவண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் அடைத்திருந்தன. அயலவர்கள் என்னைக் கதிரையில் உட்காரவைத்து அப்படியே தூக்கிப் போய், முனையில் கடை வைத்திருந்த முஸ்லிம் நண்பரின் வேனில் ஏற்றினார்கள்.

சோதனைச் சாவடியில் வாகனங்கள் நீண்ட வரிசையில் நின்றன. கூட வந்த மனைவி வேன் கதவில் கை வைத்தாள். "பொறுங்க தங்கச்சி, இறங்கினா சுட்டுப் போடுவாங்க" என்றார் கடைக்காரர். மனைவி யாழ்ப்பாணத்தவள்; சிங்களம் அரைகுறை. சிங்களக் கடைக்குப் போனால்கூட நான்தான் கதைப்பேன். அன்று என்னால் வாய் திறக்க முடியவில்லை.

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். இரு கைகளையும் உயர்த்தியபடி இராணுவத்தினரை நோக்கி நடந்தாள். ஒரு சிப்பாய் துப்பாக்கியை நீட்டி அதட்டினான். நின்றாள், ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. "மல்லி, மகே மஹத்தயாகே பப்புவ ரிதெனவா!" தம்பி, என் கணவருக்கு நெஞ்சு நோகிறது என்று திரும்பத் திரும்பக் கத்தினாள்.

அந்தச் சிப்பாய் வந்து வேனுக்குள் எட்டிப் பார்த்தான். என் முகத்தைக் கண்டதும் தடுப்பை இழுத்துவிட்டு, முன் ஆசனத்தில் தானே ஏறிக்கொண்டான். ஆஸ்பத்திரி வரை வேறெந்தச் சாவடியிலும் எங்களை நிறுத்தவில்லை.

"நல்ல காலம், நேரத்துக்குக் கொண்டு வந்திட்டீங்கள்" என்றார் டாக்டர். அதுவரை திடமாக நின்றவள் அப்போதுதான் அழுதாள்.

நான் வீடு திரும்பியதும் வீடு வீடாகப் போகத் தொடங்கினாள். "நெஞ்சு நோவெண்டால் வாயு எண்டு படுக்காதேங்கோ. ஒழுங்கை வாசலை மறிச்சு ஒண்டும் விடாதேங்கோ. நாளைக்கு ஆருக்கு என்ன வருமோ" என்றாள். சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு தள்ளுவண்டிக்காரர் சண்டைக்கே வந்தார். கடைக்காரரிடம் பேசி, வண்டியை விட அவருக்கு வேறிடம் பிடித்துக் கொடுத்தாள். சில மாதங்களில் எதிர்வீட்டு ஆசிரியை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது, வேன் அவருடைய வாசலுக்கே வந்து நின்றது. அவரும் பிழைத்தார்.

எல்லோரும் பயந்து வாய் மூடியிருந்த நாட்களில், தெரிந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டு துப்பாக்கிக்கு முன்னால் நின்றவளை "இவள் என் மனைவி" என்று அறிமுகப்படுத்தும் ஒவ்வொரு முறையும், எனக்கு இன்றைக்கும் தலை நிமிர்கிறது.