கடலை உடைத்துப் பழகிய ஆங்கிலம்

ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவள் நான். எழுதப் படிக்க ஆங்கிலம் வரும் என்று வரவேற்பு மேசையில் உட்கார வைத்தார்கள். ஆனால் போனில் நான் பேசுவது யாருக்கும் புரியவில்லை. அறை கேட்டு அழைக்கும் வெளிநாட்டுக்காரர்கள் மூன்று முறை ‘சாரி?’ கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். நான்கு பேர் அப்படிப் போனதும் விடுதி உரிமையாளர் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

“ஒரு வாரம் பாக்குறேன்க்கா. இல்லன்னா மறுபடியும் ரூம் க்ளீனிங்தான். தப்பா எடுத்துக்காதீங்க. கெஸ்ட்ஹவுஸ், பாத்ரூம், ஏர்போர்ட்னு ரெண்டு வார்த்தை ஒட்டி வந்தா முதல் பாதிய அழுத்துங்க, ரெண்டாவத லேசா விட்டுடுங்க.”

சொல்வது சுலபம். எல்லா அசைக்கும் பந்தியில் பரிமாறுவதுபோல் அழுத்தத்தைச் சமமாக வைத்தே வளர்ந்த நாக்கு இது.

கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டில் அப்போது விதைக்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, உடைக்கும் நேரம். மெஷினில் போட்டால் பருப்பு அடிபடும் என்று கையால்தான் உடைப்போம். கட்டைவிரலால் கடலையின் மூக்கில் ஒரு அழுத்து, பருப்பு தானாக உதிரும். ‘பாத்’துக்கு அழுத்தினேன், ‘ரூம்’முக்கு உதிர்த்தேன். அப்படியே மூன்று நாளில் ஒரு மூட்டை காலி.

“மல்லாட்டைக்கு இங்கிலீஷ் வந்துடும் போல. உனக்கு எப்போ?” என்று கணவர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வரவேற்பு மேசை நாற்காலியை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை.

கடைசி நாள் போன் அடித்தபோது உரிமையாளர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தேன். விரலில் ஒன்றும் இல்லாமல் நாக்கு எழவில்லை. நல்லவேளை, கொறிக்கக் கொண்டுவந்த கடலை கைப்பையில் இருந்தது. உடைத்துக்கொண்டே பேசினேன். கெஸ்ட்ஹவுஸ், டப். பாத்ரூம், டப். அது என்ன சத்தம் என்று மறுமுனையில் ஒரு பெண்மணி கேட்டார்.

“கிரவுண்ட்நட்” என்றேன்.

‘சாரி?’ வரவில்லை. சிரித்துவிட்டு, தனக்கும் கொஞ்சம் எடுத்து வைக்கச் சொல்லி, பத்து நாளுக்கு அறை பதிவு செய்தார்.

போனை வைத்துவிட்டுப் பார்த்தால், மேசை முழுக்க ஓடு.

“போன் உங்களுதுதான்க்கா. ஆனா இந்தக் குப்பைய யாரு கூட்டுவா?”

துடைப்பத்தை எடுத்துவந்து குனிந்தேன். அடுத்த அழைப்பு வந்தது. உரிமையாளர் என் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டு, முணுமுணுத்தபடியே கூட்ட ஆரம்பித்தார்.