கடல் பார்க்க எடுத்த மீசை

நாங்கள் நான்கு பேர் பாண்டிச்சேரிக்குக் கடல் பார்க்கப் போய்வந்த கதையைக் கேட்டிராதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில், நால்வரில் ஒருவனான ஜவுளிக்கடைக்காரன் அதை எடுத்துவிடுவான். குரலை மாற்றி, கையை ஆட்டி, ஒவ்வொருவரைப் போலவும் நடித்துக் காட்டுவான். கேட்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தக் கதையில் வரும் அசடு நான்தான். பல வருஷம் நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் "கோச்சிக்கினான் பாரு" என்று அதற்கும் ஒரு சிரிப்பு கிளம்பும். கடைசியாக நான் எப்போது சிரித்தேன் என்பதோடு சேர்த்து, நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

முப்பதுகளின் கடைசி. யுத்தம் இன்னும் வந்திருக்கவில்லை. எனக்கு வயது இருபத்தொன்று. என் அப்பா திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறவர்; வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். நான் பள்ளி இறுதிப் பரீட்சை தேறிவிட்டு, வேலை தேடி விழுப்புரத்தில் ஒரு சிநேகிதன் வீட்டில் தங்கியிருந்தேன். அவன் என்னோடு படித்தவன். அவனுடைய அப்பா ரயில்வே வேலையில் இருக்கும்போதே காலமாகிவிட, கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா வேலை அவனுக்கு வந்திருந்தது. அவன்தான் யார் யாரையோ பிடித்து எனக்குப் பார்சல் ஆபீஸில் ஓர் இடம் வாங்கிக் கொடுத்தான். உத்தரவும் கைக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, அதைக் கொண்டாடத்தான் கடல்.

நான், ரயில்வே சிநேகிதன், ஜவுளிக்கடைக்காரன், இவர்களோடு ஒரு பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியார். இந்த வாத்தியார் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவரும் ஜவுளிக்கடைக்காரனும் டிக்கெட் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். என் கையில் காலணா கிடையாது. சிநேகிதனோ ரயில்வேக்காரன், அவனுக்கு இலவச பாஸ் உண்டு. அப்பா இல்லாத குடும்பம் என்பதால் அவனை நம்பியிருக்கும் தம்பியையும் அந்தப் பாஸில் சேர்க்கலாம்.

அவனுக்குத் தம்பி இருந்தான். போன வருஷம் விஷஜுரம் வந்து, பதினாறு வயதில் போய்விட்டான். ஆபீஸ் காகிதத்தில் மட்டும் இன்னும் இருந்தான். ஏன் சாவை எழுதிக் கொடுக்கவில்லை என்று நான் ஒருமுறை கேட்டபோது, "எழ்த கை வர்லடா" என்று சொல்லிக் கண் கலங்கினான். பாஸுக்கு எழுத மட்டும் அந்தக் கை வந்தது. இதை இன்று எழுதும்போதுதான் இப்படித் தோன்றுகிறது. அன்று எனக்கும் அது தமாஷாகத்தான் இருந்தது.

"பதினேழு வயசுப் பையனுக்கு இம்மாம் மீசை ஏதுடா? ஜல்தி எட்த்துடு" என்றான் ஜவுளிக்கடைக்காரன். நான் சின்ன உருவம். மீசையை எடுத்துவிட்டால் பையன் என்று சொல்லிவிடலாம். சனிக்கிழமை மாலை சிநேகிதன் வீட்டுப் பின்கட்டில், அவன் கண்ணாடியைப் பிடிக்க, நானே எடுத்தேன். அவன் அம்மா தண்ணீர் எடுக்க வந்தவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அடப் பாவி! அப்பன் கல்லாட்டம் இருக்க சொல்லோ மீசைய எடுப்பாங்களாடா?"

எங்கள் ஜனங்களில் அப்பா செத்தால்தான் பிள்ளை மீசையை எடுப்பான். வேறு எதற்கும் எடுத்து நான் பார்த்ததில்லை. "சும்மா வெளாட்டுக்குமா" என்று சிநேகிதன் விஷயத்தைச் சொன்னான். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சின்னவன் பேர்லியா போறான்?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் விடியற்காலையில் எழுந்து புளிச்சோறு கிளறித் தூக்குப் பாத்திரத்தில் போட்டு, அதை என் கையில் கொடுத்தாள்.

போகும்போது ஒரு தொல்லையும் இல்லை. வண்டியில் வந்த பரிசோதகர் சிநேகிதனுக்குத் தெரிந்தவர். பாஸைப் பார்க்கக்கூட இல்லை. அன்று முழுவதும் நான் அவனை "அண்ணே" என்று கூப்பிட வேண்டும், மறந்தால் தலையில் குட்டு என்பது ஜவுளிக்கடைக்காரன் போட்ட சட்டம். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. முதலில் விளையாட்டாகக் கூப்பிட்டேன். பத்து மணிக்கெல்லாம் அது பழகிவிட்டது. பிடித்தும் போயிற்று, இதை மறைப்பானேன்.

கடலைப் பார்த்ததும் நான்கு பேரும் குழந்தைகள் ஆகிவிட்டோம். ஜவுளிக்கடைக்காரனின் வேட்டியை ஓர் அலை உருவிக்கொண்டு போயிற்று. கரையில் நின்ற சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரருக்குப் பயந்து, அவன் கழுத்துவரை தண்ணீருக்குள் உட்கார்ந்தபடி கெஞ்சினான். வாத்தியார் தம் மேல்துண்டை அவிழ்த்து அவனிடம் வீசினார். அந்த ஊர் நீள ரொட்டியை வாங்கிப் புளிச்சோற்றோடு தின்றோம். நான் ஆழத்தில் ஓர் எட்டு கூடுதலாக வைத்துவிட்டபோது சிநேகிதன் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தான். "சின்னவனே, அங்க போவாத!" என்று கத்தினான். அது அவன் தம்பியைக் கூப்பிடுகிற பெயர். கூப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டான். அப்புறம் வெகுநேரம் என் கையை விடவில்லை. அந்த ஒரு பிடியை நம்பித்தான் நான் ரயில் ஏறினேன்.

திரும்பும் வண்டி சாயங்காலம். வெயிலில் நான்கு பேரும் கருகிப் போயிருந்தோம். வளவனூர் தாண்டியதும் வெளியூரிலிருந்து வந்த ஒரு பரிசோதகர் ஏறினார். சிநேகிதன் பாஸை நீட்டினான். அவர் படித்துப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"நீதான் தம்பியா?"

"ஆமாங்க."

"வயசு?"

"பதினேழுங்க."

என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். முகமெல்லாம் கறுத்திருக்க, முந்தின நாள்வரை மீசை இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்திருக்கிறது. "மீசை எப்ப எடுத்தே?"

மீசையே முளைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தச் சமர்த்து இல்லை. "நேத்துங்க" என்றேன்.

"ஏன்?"

ஒருவன் மீசையை எடுப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். அது தானாக வாயில் வந்தது. "அப்பா காலமாயிட்டாருங்க. நேத்து கருமாதி."

அவர் கை என் முகவாயை விட்டது. முகம்கூட இளகியது. பாஸைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டியவர், வாங்கிக்கொள்ளப் போன சிநேகிதனைப் பார்த்தார். அவன் மீசை எங்கள் நால்வரில் பெரியது. கடல் தண்ணீரில் கலைந்ததைச் சீப்பால் வாரி, முறுக்கியும் விட்டிருந்தான்.

"ஏம்பா, செத்தது இவனுக்கு மட்டும் அப்பாவா?"

பெட்டியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஜவுளிக்கடைக்காரன் கதையைச் சொல்லும்போது இங்கேதான் நிறுத்துவான். இதற்குமேல் சொல்லமாட்டான். இதற்குமேல் நடந்தது இது.

பரிசோதகர் சிரிக்கவில்லை. "இவன் உன் தம்பியா, இல்லையா? யோசிச்சுச் சொல்லு. வேலை போயிடும்" என்றார். சிநேகிதன் என்னைப் பார்க்கவே இல்லை. தூக்குப் பாத்திரத்தைப் பார்த்தான். அது என் மடியில் இருந்தது.

"இல்லிங்க சார். இவன் யாருன்னே தெரியாது. என் தம்பிக்கு ஜுரம். ஊட்ல படுத்துக்கினு கீறான். அதான் கூட வர்ல."

உயிரோடு இருந்த அப்பாவை நான் கொன்றேன். செத்துப்போன தம்பியை அவன் எழுப்பி, மறுபடி அதே ஜுரத்தில் படுக்கவைத்தான். இரண்டும் ஒரு ஸ்டேஷன் தூரத்துக்குள் நடந்து முடிந்தன. ஜவுளிக்கடைக்காரன் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாத்தியார் எழுந்து ஏதோ சொல்ல வந்தார். சிநேகிதன் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தான்.

நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் வேலை அன்றே போயிருக்கும். ஏன் சொல்லவில்லை? பெருந்தன்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். வாய் வரவில்லை, அவ்வளவுதான். அவன் அம்மா காலையில் சோறு கட்டிக் கொடுத்ததும் நினைவில் இருந்தது. விழுப்புரத்தில் என்னை இறக்கி ஸ்டேஷன் அறைக்குள் கொண்டுபோனார்கள். அவர்கள் மூவரும் வெளிவாசல் வழியாகப் போனார்கள். அறையில் இருந்தவர்கள், நான் டிக்கெட் இல்லாமல் ஏறிப் பொய் சொன்னதாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

அபராதம் கட்ட ஆள் வரும்வரை என்னை அங்கேயே வைத்திருந்தார்கள். வாத்தியார் அன்றைக்கே ஓர் ஆளைத் திண்டிவனத்துக்கு அனுப்பியிருக்கிறார். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அப்பா வந்தார். மண்டிக்குப் போகிற அழுக்கு வேட்டியோடு வந்து மேஜைக்கு முன்னால் நின்று, "நான் இவன் அப்பன்" என்றார்.

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அப்பா செத்து, கருமாதியும் முடிஞ்சுபோச்சுன்னு சொல்லிக்கீறானே, பெரியவரே."

அப்பா என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். மீசை இல்லாத இடத்தைப் பார்த்தார். அப்புறம் மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "முடிஞ்சதாவே இருக்கட்டும். நான் கட்ட வேண்டியது இன்னா, அத்த சொல்லுங்க."

கட்டினார். பார்சல் ஆபீஸ் உத்தரவை அங்கேயே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வேலைக்குச் சேர வேண்டிய அதே நாள், அதே ஸ்டேஷன்.

என் டிரங்குப் பெட்டியை எடுக்க இருவரும் சிநேகிதன் வீட்டுக்குப் போனோம். அவன் ஆபீஸுக்குப் போய்விட்டிருந்தான். தூக்குப் பாத்திரத்தை அவன் அம்மாவிடம் கொடுத்தேன். ரயிலில் நடந்தது அதற்குள் அவள் காதுக்கு எட்டியிருந்தது. "ஜுரம்னா சொன்னான்? ஊட்ல படுத்துக்கினு கீறான்னா சொன்னான்?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அவள் உள்ளே, சின்னவன் படுத்துக் கிடந்த மூலையைப் பார்த்தபடியே நின்றாள். நாங்கள் சொல்லிக்கொண்டு கிளம்பியது அவள் காதில் விழவில்லை.

விக்கிரவாண்டியில் பஸ் நின்றபோது அப்பா இறங்கிப் போய் அவித்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே கேட்டார்.

"எதுக்குடா மீசைய எட்த்த?"

"கடல் பாக்க."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"சரி, துன்னு" என்று பொட்டலத்தை என் மடியில் வைத்தார். அந்த விஷயத்தைப் பற்றி அவர் அதற்குப் பிறகு சாகும்வரை பேசவில்லை. நான் அழுதுகொண்டே தின்றேன்.

அப்பா சொல்லி அதே மண்டியில் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. இரண்டு மாதம் கழித்துச் சிநேகிதன் ஜவுளிக்கடைக்காரனோடு வந்தான். ஒரு வார்த்தை வருத்தம் சொல்வான் என்று காத்திருந்தேன். "நீ இன்னாத்துக்குடா அப்பா செத்துட்டாருன்னு சொன்ன? அத்த சொல்லாத இருந்தா தப்பிச்சிருப்போம்" என்றான். குற்றம் என் பேரில் விழுந்தது. ஜவுளிக்கடைக்காரன் அன்றுதான் முதன்முதலாகப் பரிசோதகர் மாதிரி நடித்துக் காட்டினான். மண்டி ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே தராசுப் பக்கம் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

பிறகு நான் மீசை வளர்க்கவே இல்லை. இரண்டு மூன்று தடவை விட்டுப் பார்த்தேன். கொஞ்சம் கறுத்ததுமே எதிரில் வருகிறவன், "இன்னாபா, அப்பா பொழச்சிக்கினாரா?" என்பான். வீட்டுக்குப் போய் மழித்துவிடுவேன். அப்பா அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

யுத்தம் முடிந்து பத்து வருஷம் கழித்து அப்பா காலமானார். எடை போட்டுக்கொண்டிருக்கும்போதே மண்டியில் சாய்ந்தார். விழுப்புரத்துச் சிநேகிதர்கள் மூன்று பேரும் வந்திருந்தார்கள். ரயில்வே சிநேகிதன் அப்போது ஏதோ ஒரு சின்ன ஊரில் ஸ்டேஷன் மாஸ்டர். என் தோளில் கைபோட்டுக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம், "இவன் எனுக்குத் தம்பி மாதிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் மீசை இப்போது கொஞ்சம் நரைத்திருந்தது.

பாடைக்குப் பக்கத்தில் மணை போட்டு என்னை உட்காரவைத்தார்கள். நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டார். பிறகு மீசைக்காக முகத்தைத் தூக்கினார். கத்தி கையிலேயே நின்றது. ஆள் வெளியூர், விவரம் தெரியாதவர்.

"மீசை இல்லீங்களே?"

"அவுரு எப்பவோ எட்த்துட்டாருப்பா" என்றான் ஜவுளிக்கடைக்காரன். வேண்டுமென்று சொல்லியிருக்கமாட்டான், அவனுக்கு அது வாடிக்கை. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதைப் பார்த்து இன்னொருவர் சிரித்தார். என் தோளில் இருந்த சிநேகிதன் கையும் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கியது. வாத்தியார் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம். அப்பா பக்கத்தில் கிடந்தார், நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.