ரிவ்யூ நாளில் மட்டும் கூடும் எடை

அம்மாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது என்று எக்கோ எடுத்துச் சொன்னதிலிருந்து தினமும் காலையில் அவள் எடையைக் குறித்துவைப்பது என் வேலை. இதயம் சரியாகப் பம்ப் பண்ணாவிட்டால் உடம்பில் நீர் தங்கும். முதலில் கால் வீங்கும், பிறகு படுத்தால் மூச்சு வாங்கும். வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எடையில் தெரிந்துவிடும். அதனால் காலை ஆறு மணி, வெறும் வயிறு, பாத்ரூம் போய்வந்த பிறகு, ஒரே தராசு, ஒரே கனமுள்ள புடவை. இந்த ஐந்தையும் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தேன். அதன் கீழே மாத்திரைகள்: எட்டு மணிக்கு மூன்று, மதியம் ஒன்று, இரவு இரண்டு. எட்டு மணிக்கு உரியவற்றில் முதலாவது, தங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை. எங்கள் பக்கம் அதை நீர் மாத்திரை என்பார்கள்.

எங்கள் ஊர் ஒலக்கூருக்குப் பக்கத்தில். டிப்ளமோ முடித்துவிட்டுத் திண்டிவனத்தில் ஒரு கம்பெனியில் தராசுகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். எடை தெரிந்த இரும்புக் கட்டியைத் தராசில் வைப்பது, அது காட்டும் எண்ணைக் குறிப்பது, வித்தியாசம் அளவுக்குள் இருந்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவது, இல்லாவிட்டால் சிவப்பு. இந்த வேலையில் முதலில் கற்றுக்கொண்டது, எண் திடீரென்று மாறினால் பொருளைச் சந்தேகப்படும் முன் தராசைச் சந்தேகப்பட வேண்டும் என்பது. அம்மா விஷயத்திலும் நான் அதையேதான் செய்தேன்.

மாதம் ஒருமுறை விழுப்புரத்தில் இருதய ஓ.பி.யில் ரிவ்யூ. வீட்டில் ஐம்பத்தெட்டரை கிலோவைத் தாண்டாத அம்மா, அங்கே போய் ஏறினால் அறுபது காட்டும். ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு தடவையும். டாக்டர் கணுக்காலை அழுத்திப் பார்ப்பார், குழி விழும். "மருந்து பத்தலை" என்பார். இரண்டு ரிவ்யூவுக்கு முன்னால் ஒரு நீர் மாத்திரை ஒன்றரையானது. அதற்கு அடுத்த தடவையும் அறுபது. "இன்னும் ஒரு மாசம் பார்ப்போம். இப்படியே இருந்தா ரெண்டாக்கணும்" என்றார். மறுநாள் காலை அம்மா குழாயடிக்குப் போகும்போது தலை சுற்றி விழுந்தாள். துவைக்கிற கல் புருவத்தில் பட்டு மூன்று தையல். வெயிலில் பஸ்ஸில் அலைந்த களைப்பு என்று எல்லோரும் சொன்னோம், நானும்.

ஒன்றரைக்கே தலை சுற்றியது, இரண்டானால் என்ன ஆகும் என்ற பயம் அந்த மாதம் முழுக்க என்னோடு இருந்தது. நிஜமாகவே நீர் ஏறியிருந்து மாத்திரையைக் கூட்டாமல் விட்டால், அது நுரையீரலுக்குப் போகும். வீட்டு எண், ஆஸ்பத்திரி எண் இரண்டில் ஏதோ ஒன்று பொய். எது என்று தெரியாமல் டாக்டர் பேனாவை எடுக்கக் கூடாது. அதனால் இந்தத் தடவை எங்கள் வீட்டுத் தராசைக் கட்டைப்பையில் வைத்துக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன்.

காலை ஐந்தரை பஸ்ஸில் திண்டிவனம், அங்கிருந்து விழுப்புரம் பஸ். ரயிலில் போகலாம்தான், ஆனால் அது போய்ச் சேரும் நேரத்தில் டோக்கன் தீர்ந்திருக்கும். நாங்கள் போனபோது பெஞ்சில் வழக்கமானவர்கள் வந்துவிட்டிருந்தார்கள்.

அந்த பெஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதாமாதம் ஒரே கிழமையில் வருகிறவர்கள், உள்ளே டாக்டரோடு ஐந்து நிமிடம் பேசுவதற்காக வெளியே ஒருவரோடொருவர் மூன்று மணி நேரம் பேசுவார்கள். பைபாஸ் ஆன ஒரு ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் உண்டு. யாராவது புதிதாக வந்தால் சட்டையின் மேல் இரண்டு பொத்தான்களைக் கழற்றித் தையலைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குவார். கோட்டக்குப்பத்திலிருந்து வரும் ஒரு அம்மா உண்டு. வயது அறுபதுக்கு மேல், மகன்கள் துபாயில். பையில் எப்போதும் பேரீச்சம்பழம் இருக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்குத் தரமாட்டார். மூச்சு வாங்கினால் இரண்டு தலையணை வைத்துப் படு, பாங்கு சொல்லும் நேரத்தோடு மாத்திரையைச் சேர்த்துக்கொண்டால் மறக்காது, கருவாட்டை இரண்டு தண்ணீரில் ஊறவைத்தால் உப்பு போய்விடும் என்று நிறையச் சொல்வார். பெஞ்சில் கேட்டதையெல்லாம் போனில் குறித்துவைத்திருக்கிறேன். கேட்டு நடக்கலாம் என்று ஒரு பக்கம், டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு பக்கம். கருவாடு இரண்டாவது பக்கத்தில் இருக்கிறது.

கட்டைப்பையிலிருந்து தராசை எடுத்ததும் கண்டக்டர் சிரித்தார்.

"என்னாம்மா, தராசைத் தூக்கிக்கினு வந்துட்ட? கடை போடப் போறியா?"

"கம்பெனிப் பொண்ணு இல்ல? டாக்டரையே டெஸ்ட்டு பண்ண வந்துட்டா" என்றார் கோட்டக்குப்பத்து அம்மா.

"மானத்தை வாங்காதடி. உள்ள வை" என்றாள் அம்மா.

நர்ஸ், "சீக்கிரம் பார்த்துட்டு எடுத்துடுங்க" என்று விட்டுவிட்டார். இரண்டு தராசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அம்மா ஆஸ்பத்திரித் தராசில் ஏறினாள், அறுபது புள்ளி ஒன்று. செருப்பைக் கழற்றிய காலோடு அப்படியே எங்கள் தராசுக்கு மாறினாள், அறுபது. இன்னொரு தடவை ஏறச் சொன்னேன். அதே அறுபது.

நூறு கிராம் வித்தியாசம். இரண்டுக்கும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டலாம்.

முந்தின நாள் காலை இதே தராசு ஐம்பத்தெட்டு நானூறு காட்டியது. ரிவ்யூ நாளில் ஐந்தரைக்கே கிளம்பிவிடுவதால் வீட்டில் எடை பார்ப்பதில்லை. அப்படியானால் ஒரே நாளில் ஒன்றரை கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறது. நான் தராசையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கும் ஒரு தரம் போடும்மா" என்று கோட்டக்குப்பத்து அம்மா ஏறினார். எண்ணைச் சொன்னதும் கையைத் தட்டினார். "போன வாரம் மக வூட்டுல பார்த்தப்ப இதுக்கு ரெண்டு கிலோ கம்மி. எல்லாம் தண்ணி." இறங்கி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கண்டக்டர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார். "நீயும் நேத்துலேர்ந்து போடல இல்ல?"

அம்மாவின் கால் அவர் காலை இடித்ததைப் பார்த்தேன்.

"எதைப் போடல, பெரியம்மா?"

"நீர் மாத்திரைதான். பஸ்ல வர்ற நாளு எந்தப் பொம்பள போடுவா? போட்டா அரை மணிக்கு ஒரு தரம் முட்டிக்கினு வரும். ஒரே பேஜாரு. முந்தின நாளே நிறுத்திடணும், இல்லன்னா காலைல வரைக்கும் இழுக்கும். உங்கம்மாவுக்குத் தெரியாது பாவம், நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அப்ப அந்த மாத்திரை?"

"வூட்டுக்குப் போயி ராத்திரி ரெண்டு நாளுதையும் சேர்த்துப் போட்டுக்கினா கணக்கு சரியாப்பூடும்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. மாத்திரை அட்டைகளை நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணுகிறேன், ஒன்றுகூடக் குறைந்ததோ மிஞ்சியதோ இல்லை. ஒன்றரை மாத்திரை, இரண்டு நாளுக்கு மூன்று. போன ரிவ்யூ முடிந்த இரவு மூன்று மாத்திரையை ஒன்றாகப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். மறுநாள் காலைதான் குழாயடியில் விழுந்தாள்.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீதான் கதவுல லிஸ்ட்டு ஒட்டி வெச்சிருக்கியே. அதுல பஸ்ஸு எங்க இருக்குது?"

கம்பெனிக்குப் போய்ச் சேரும் வரை நானும் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. அதை ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை, அவ்வளவு பழக்கமாகிவிட்டது.

தாழ்ந்த குரலில் பேசியும் கண்டக்டருக்குக் கேட்டுவிட்டிருக்கிறது. சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "எத்தினி வருஷம் ரூட்டுல ஓடினேன். ஒரு பொம்பள கூட வண்டிய நிறுத்துன்னு கேட்டதில்ல."

"கேட்டா நிறுத்தியிருப்பீங்களாக்கும்?" என்றார் கோட்டக்குப்பத்து அம்மா.

அவர் கொஞ்சம் யோசித்தார். "கூட்டேரிப்பட்டு தாண்டிட்டா டைமு இருக்காதும்மா" என்றார். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "உள்ள போயி இதைப் பேசாத. ஆம்பள டாக்டரு. வெக்கக்கேடு."

"பேசினாலும் என்னை இழுத்து விட்டுடாத தாயே" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

உள்ளே போகும் பத்தடிக்குள் என்ன செய்வது என்று எனக்குத் தெளிவாகவில்லை. அம்மா தானே சொன்னால் நல்லது. அவள் சொல்லும் வரை காத்திருப்பேன், டாக்டர் எழுதும் வரை காத்திருக்க மாட்டேன். அவ்வளவுதான் முடிவு செய்திருந்தேன்.

டாக்டர் எடையைப் பார்த்தார், காலை அழுத்தினார், உதட்டைப் பிதுக்கினார். "மாத்திரை எல்லாம் ஒழுங்கா போடறீங்களா?"

"போடறேன் சார்."

"புருவத்துல என்ன?"

"குழாயடில பாசி சார். வழுக்கிடுச்சி."

"சரி, ரெண்டாக்கிடுவோம்" என்று சீட்டை இழுத்தார். வெளியே நர்ஸ் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றேன். "நேத்தும் இன்னிக்கும் அம்மா நீர் மாத்திரை போடல. நான் எழுதி வெச்ச லிஸ்ட்ல, வெளியூர் போற நாளுக்கு என்ன பண்றதுன்னு இல்ல. போன மாசம் விழுந்ததும் பாசியில இல்ல, தலை சுத்தி."

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். "ஏம்மா போடல?"

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானே சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தபோது நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தாள்.

"பஸ்ல எங்க சார் எறங்கறது?"

டாக்டர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை மாதமாக, எத்தனை நாள் முன்பிருந்து, விட்ட மாத்திரையை எப்போது போடுகிறீர்கள். "ராத்திரி, ரெண்டு நாளுதும்" என்று அம்மா சொன்னதும் புருவத்துத் தையல் தழும்பை இன்னொரு முறை பார்த்தார். படுக்கவைத்து பி.பி. பார்த்தார், நின்றால் இறங்குகிறதா என்று நிற்கவைத்தும் பார்த்தார். ரத்தத்தில் உப்புகளின் அளவைப் பார்க்கச் சீட்டு எழுதினார்.

இரண்டு என்று எழுதவில்லை. ஒன்றரையையும் அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார். பஸ்ஸில் போகும் நாளில் வீடு திரும்பியதும் சாயங்காலத்துக்குள் போடலாம், முந்தின நாள் வழக்கம்போலப் போட வேண்டும், விட்டதைச் சேர்த்து எப்போதும் போடக் கூடாது. "இது உங்கம்மாவுக்குச் சொல்றது. மத்தவங்களுக்கு வேற மாதிரி இருக்கும், இதையே வெளில போயி சொல்லிடாதீங்க" என்றார். பெஞ்சைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு அம்மாவிடம், "வெளில எத்தனை பேரு இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டார்.

"என்னைக் கேட்டா என்னைச் சொல்வேன். மத்தவங்களை அவங்களையே கேளுங்க சார்" என்றாள் அம்மா.

வெளியே வந்ததும் என்னோடு பேசவில்லை. ரத்தம் கொடுக்க நின்ற வரிசையிலும் பேசவில்லை. எங்களுக்கு அடுத்து உள்ளே போன கோட்டக்குப்பத்து அம்மா வெகுநேரம் கழித்து வந்தார். வரும்போதே சத்தம்.

"உன் பொண்ணு போட்டுக் குடுத்துட்டாளே!"

"அவ உங்க பேரை எடுக்கலக்கா" என்றாள் அம்மா. என் மேல் கோபமாக இருந்தும் அதைச் சொன்னாள்.

"எடுக்காமயே மாட்டிக்கினேன். காலைப் பார்த்ததுமே 'நீங்களும் பஸ்ஸா?'ன்னு கேட்டுட்டாரு. என்னத்த மறைக்கிறது?" பொத்தென்று உட்கார்ந்தார். "எனக்கு மாத்திரையவே மாத்திட்டாரு. திட்டுவாருன்னு பார்த்தேன், திட்டல." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நான் நல்லதுன்னு நெனச்சித்தாம்மா சொன்னேன்."

"தெரியும் பெரியம்மா" என்றேன். எனக்கு நிஜமாகவே தெரியும். பஸ்ஸைப் பற்றி அம்மாவிடம் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

கிளம்பும்போது இருவரும் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். இத்தனை மாதம் பக்கத்தில் உட்கார்ந்தும் அதுவரை வாங்கவில்லை.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். திண்டிவனத்தில் டவுன் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "அவரு முன்னாடி எனக்கு அப்படியே ஒடம்பு கூசிடுச்சி" என்றாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். ஆனால் மறுபடி அந்த அறைக்குள் போனாலும் இதையே செய்வேன் என்று தெரிந்ததால், "தெரியும்மா" என்று மட்டும் சொன்னேன். மூன்று மணிக்கு வீட்டில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டாள். ஒன்றுதான். நான் பக்கத்தில் நின்றேன். அதற்கும் ஒரு முறை முறைத்தாள்.

மறுநாள் காலை கம்பெனிக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு அம்மாவின் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ரிவ்யூவுக்கு மறுநாள் அவள் எழுந்திருப்பதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு திட்டம் இல்லை. கண் விழித்ததும், "என்னாடி, பிரசவ வார்டு நர்ஸு மாதிரி உக்காந்துக்கினு இருக்க?" என்றாள். எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

அப்போது போன் அடித்தது. அம்மாவுக்குப் போனைக் காதில் வைத்துப் பேசத் தெரியாது, ஸ்பீக்கரில்தான் பேசுவாள். கோட்டக்குப்பத்திலிருந்து.

"எழுந்துட்டியா? தலை சுத்துதா?"

"இருங்கக்கா, இன்னும் நிக்கல" என்றாள் அம்மா. எழுந்து நின்றாள். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். "இல்லக்கா. உங்களுக்கு?"

"எனக்கும் இல்ல. ராத்திரி ஒரு தரம் கூட எழுந்திருக்கல. எத்தினி மாசமாச்சி இப்படித் தூங்கி."

"சாப்பாடு?"

"அது கெடக்குது. அந்தக் கருவாடு விஷயம் டாக்டரு கிட்ட கேக்க மறந்துட்டேன் பாரு..."

அம்மா பேசிக்கொண்டே பின்கதவைத் திறந்து குழாயடிக்கு நடந்தாள். சுவரைப் பிடிக்கவில்லை.