வாரண்டியின் இருபத்து மூன்றாம் நிபந்தனை

கார் விற்பவர் ஆசையை விற்கிறார். வாரண்டி மேசையில் இருப்பவர், அந்த ஆசையின் எந்தெந்தப் பாகம் இதில் சேராது என்று பிற்பாடு எடுத்துச் சொல்கிறார். தொண்ணூறுகளில் மண்ணூர்பேட்டையில் ஒரு ஷோரூமில் நான் அந்த இரண்டாவது ஆசாமியாக இருந்தேன். தமிழ் இலக்கியம் படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். கம்பெனியின் ஆங்கில வாரண்டிப் புத்தகத்தில் இருபத்திரண்டு நிபந்தனைகள் இருந்தன. அவற்றைத் தமிழாக்க ஆள் தேடினார்கள். ஆக்கிக் கொடுத்தேன். அச்சாகி வந்த பிறகு அந்தத் தமிழைப் புரிந்துகொள்ளக்கூடியவன் நான் ஒருவனே என்று தெரிந்ததால், என்னையே மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

கார் வாங்கி நொந்தவர்களே, வாங்குகிற விலை வேறு, வைத்துக்கொள்கிற விலை வேறு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னிடம் இருந்தது ஒரு சைக்கிள். காட்டுப்பாக்கத்திலிருந்து அதை மிதித்து வந்து, டெலிவரிக்கு நிற்கும் கார் எதிலாவது சாவி வைக்கிற சாக்கில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் புது வாசனையை ஒரு நிமிஷம் இழுத்துக்கொள்வேன். அந்த ஒரு நிமிஷத்துக்கு நிபந்தனை எதுவும் கிடையாது.

கற்பூரம்

அயனம்பாக்கத்து கன்னியப்பன், பரம்பரை நிலத்தில் ஒரு துண்டை விற்றுக் கார் வாங்கினார். குடும்பம் மொத்தமும் ஒரு வேனில் வந்து இறங்கியது. பூசணிக்காய், எலுமிச்சம்பழம், மாலை எல்லாம் முறைப்படி நடந்தன. கற்பூரத் தட்டை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தபோது, அவருடைய பெரியப்பா முன் பம்பரின் மேல் வைத்தார். பழைய கார்களில் பம்பர் இரும்பு. பெரியப்பா கண்டதெல்லாம் அதுதான். இது பிளாஸ்டிக். சாமி கும்பிட்டுக் கண்ணைத் திறந்தபோது பம்பரில் தோசைக்கல் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

கார் இன்னும் ஷோரூம் வாசலைத் தாண்டவில்லை, அதற்குள் முதல் செலவு வந்துவிட்டது. வெளி வெப்பத்தால் ஏற்படும் சேதம் சேராது என்ற நிபந்தனை நான்கை, என்னால் முடிந்த பணிவோடு படித்துக் காட்டினேன். கன்னியப்பன் காகிதத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாமிக்கு ஏத்துன கற்பூரம்யா இது. இதுக்கே இல்லன்னா உங்க வாரண்டி வேற எதுக்குத்தான் இருக்குது?"

முன் சீட்டு

சூசைராஜ் ஆவடியில் ஒரு பெரிய தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் பிறர் செய்த பொருளைச் சோதித்துச் சீல் குத்திய மனிதர். சீல் இல்லாத காகிதத்தை நம்பமாட்டார்; சீல் இருந்தால் சந்தேகிக்கமாட்டார். மனைவி தவறிவிட்டார். ஒரே மகள் சகாயமேரி மஸ்கட்டில் நர்ஸ். "ஒரு கார் வாங்கி வைங்கப்பா. நான் வந்ததும் வேளாங்கண்ணிக்குப் போகலாம்" என்று அவள் கடிதம் எழுதியிருந்தாள். அந்த டிசம்பரில் அவளுக்கு லீவு. சூசைராஜ் அக்டோபரிலேயே வந்து காரை எடுத்துக்கொண்டார்.

டெலிவரி கொடுப்பவர் வழக்கம்போல் சீட்டுகளின் பிளாஸ்டிக் உறையை உருவத் தொடங்கினார். உறையைக் கிழிப்பதா, அப்படியே விட்டுவிடுவதா என்பது நம் குடும்பங்களில் பெரிய தர்க்கம், விட்டுவிடுபவர்களே அதிகம். சூசைராஜ் மற்ற சீட்டுகளையெல்லாம் உருவவிட்டார். ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டு வந்ததும் அந்த மனிதரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அத உடுங்க தம்பி. எம்பொண்ணு வந்து ஒக்காரும்போது அதுவே கிழிக்கும்."

நீச்சல்

நவம்பர் மழையில் ரயில்வே சுரங்கப்பாதைகள் எப்படி இருக்கும் என்பது அம்பத்தூர்க்காரர்களுக்குத் தெரியும். வங்கி அதிகாரி ஒருவர், முன்னால் போன பஸ் கரையேறிவிட்டதே என்று தன் காரையும் இறக்கினார். நடுவில் நின்றுவிட்டது. அவர் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: சாவியைத் தொடாமல் இறங்கித் தள்ளுவது. அவரோ விடாமுயற்சி உள்ளவர். கால் மணி நேரம் ஸ்டார்ட் செய்துகொண்டே இருந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் இன்ஜின் ஒரு வாய் தண்ணீர் குடித்து, கடைசியில் உள்ளே பிஸ்டன் தண்டு வளைந்து, முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டியதாயிற்று.

நிபந்தனை ஒன்பது: வெள்ளம். பத்து: உரிமையாளரின் கவனக்குறைவு. இரண்டில் எது பொருந்தும் என்று நான் ஒரு முழு மாலை யோசித்தேன்; அவருக்கு இரண்டும் ஒன்றுதான், கொடுக்கிற தொகை மாறவில்லை. எங்கள் மெக்கானிக் ஏழுமலை, இன்ஜினிலிருந்து சேற்றை வழித்துக்கொண்டே கேட்டார்: "இன்னா சார், வண்டிக்கு நீச்சல் தெரியும்னு நெனச்சுகினாரா?"

அறுபத்தொரு கிலோமீட்டர்

அந்த டிசம்பரில் சகாயமேரி வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஆள் குறைவாம், லீவு ரத்து. பிப்ரவரியில் சூசைராஜ் பஸ் ஏறி வந்து, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றார். நானும் ஏழுமலையும் கோவில்பதாகைக்குப் போனோம்.

வீட்டு முகப்பில் தகரக் கொட்டகை. அதற்குள் உறை போட்ட கார். உறைக்கு மேல் ஒரு பழைய போர்வை. தினமும் காலையில் உறையை நீக்கி, கழுவி, துடைத்து, மறுபடி மூடியிருக்கிறார். ஓட்டவில்லை. மகளுக்கு முன்னால் யாரும் அதில் ஊர் சுற்றக் கூடாது என்பது அவர் எண்ணம். மீட்டரில் மொத்தமே அறுபத்தொரு கிலோமீட்டர்; டெலிவரிக்கு முன் ஓடியது போக, மீதி ஷோரூமிலிருந்து வீடு வந்தது. பேட்டரி செத்திருந்தது. நின்ற இடத்திலேயே நின்று டயர்கள் அடியில் தட்டையாகியிருந்தன. பானெட்டைத் திறந்தால், ஒயர்களைக் கடித்துப் போட்டுவிட்டு எலி ஒன்று கூடு கட்டியிருந்தது. கூட்டில் சிவப்பும் மஞ்சளுமாகக் காகிதத் துண்டுகள். மகளுக்காக டிசம்பரில் வாசலில் கட்டிய கிறிஸ்துமஸ் ஸ்டாரைக் கழற்றி மூலையில் வைத்திருந்தாராம். அதைத்தான் எலி இழுத்து வந்திருக்கிறது.

எலிக்கு நிபந்தனை பதினொன்று. பயன்படுத்தாமையால் வரும் பழுதுக்குப் பதினாறு. நான் எதையும் படித்துக் காட்டவில்லை. சூசைராஜ் கூட்டைக் கலைக்காமல் முழுசாக எடுத்துச் சுவர் ஓரம் வைத்தார். பஸ்ஸில் திரும்பினோம். திருமுல்லைவாயில் தாண்டியதும் ஏழுமலை சொன்னார்: "ஓடி ஓடி கெட்ட வண்டி எத்தினியோ பாத்துகீறேன் சார். நின்னுகினே கெட்டுப்போன வண்டி இதான் மொதோ தபா."

தேதி தள்ளிப்போடுதல்

கம்பெனி தரும் வாரண்டி இரண்டு வருஷம். பணம் கட்டினால் மேலும் இரண்டு வருஷம் நீளும். அதை விற்பதும் என் வேலை. நேர்மையாகச் சொல்கிறேன்: அது பயன்பட்டு நான் கண்டது ஒரே முறை. திருமுல்லைவாயில் டாக்டர் ஒருவருக்கு மூன்றாவது வருஷம் கியர்பாக்ஸ் போய், செலவில்லாமல் மாற்றிக் கொடுத்தோம். அன்று முழுவதும் நான் ஷோரூமில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். மற்றபடி டயர், பேட்டரி, பிரேக், எலி, மழை, கற்பூரம் என்று எது மனிதனைக் கடிக்கிறதோ அதெல்லாம் வெளியே.

இரண்டு டிசம்பர்கள் போய், மூன்றாவது அக்டோபரில் சூசைராஜ் வந்தார். காத்திருப்பதை முல்லை என்றும், வராததற்கு ஏங்குவதை நெய்தல் என்றும் எங்களுக்குக் கல்லூரியில் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் ஷோரூமில் இரண்டுக்கும் ஒரே பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்து, வாரண்டியை நீட்டிக்க வேண்டும் என்றார்.

"வேண்டாம் சார். நீங்கள் இதுவரை செலவழித்ததில் ஒரு பைசாவுக்குக்கூட இது ஆகாது" என்றேன். விற்க வேண்டியவன் சொல்லக் கூடாத வார்த்தை.

அவர் பையிலிருந்து மஸ்கட் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார், படிக்கச் சொல்லவில்லை. "சகாயத்துக்கு லீவு தள்ளித் தள்ளிப் போவுது தம்பி. அது வரும்போது வண்டி வாரண்டியோட நிக்கணும். நீங்க தேதிய மட்டும் தள்ளிப் போட்டுக் குடுங்க."

இருபத்து மூன்று

பணத்தைக் கட்டிவிட்டு அவர் டீ குடிக்கப் போன பத்து நிமிஷத்தில், என் வாழ்க்கையின் முதல் மோசடியைச் செய்தேன். அச்சடித்த நிபந்தனைத் தாளின் அடியில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அதைத் தட்டச்சு இயந்திரத்தில் செருகி அடித்தேன்: '23. வாகனம் ஞாயிறுதோறும் இருபது கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டப்பட வேண்டும். தவறினால் இந்த வாரண்டி செல்லாது.' மேலே ஷோரூம் சீலைக் குத்தினேன். நடை மற்ற இருபத்திரண்டோடு ஒட்டிப்போயிற்று, எழுதியவன் ஒருவன்தானே. அவர் திரும்பி வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். சீலைப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு முதல் கார் ஓடியது. கோவில்பதாகையிலிருந்து பூந்தமல்லி போய்த் திரும்பினால் கணக்குச் சரியாக இருந்தது. சும்மா ஓட்டுவது வீண் என்று, சர்ச்சில் பூசைக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டார். பேட்டரி உயிரோடு இருந்தது. எலி வேறு வீடு பார்த்துக்கொண்டது. மூன்றாவது டிசம்பரும் மகள் வராமல் போனது. அந்த டிசம்பர் ஞாயிறுகளிலும் கார் போனது. ஒரே ஒரு விஷயம் மாறவில்லை. சர்வீசுக்குக் காரோடு வந்த அடுத்த வீட்டு ரோஸி அக்கா என்னிடம் அதைப் புகாராகவே கொடுத்தார்: "பின்னாடி நாங்க மூணு பேரு நசுங்கிகினு போறோம் சார். முன்னாடி ஒரு பிளாஸ்டிக்கு ராணி மாதிரி ஒக்காந்துகினு வருது."

டைப் எழுத்து

நான்காவது டிசம்பர் முடியும் வாரத்தில், முப்பது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு பெண் என் மேசைக்கு வந்தார். கண்ணாடிச் சுவருக்கு வெளியே, சூசைராஜ் காரின் முன் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். யார் என்று நான் கேட்கவில்லை.

மீனம்பாக்கத்தில் சாவியை ஒரு தடவை திருகியதுமே கார் ஸ்டார்ட் ஆனதாம். பிளாஸ்டிக்கை அங்கேயே கிழித்தாராம். மூன்று கோடை வெயிலில் அது சீட்டோடு ஒட்டிப்போய், கிழிக்கும்போது துணியும் ஒரு கை அகலம் பிய்ந்து வந்துவிட்டதாம். அது வாரண்டியில் சேராது என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். வேளாங்கண்ணி போய் வந்துவிட்டார்கள். வழி முழுக்க அப்பா பாட்டுப் பாடினார் என்றார். எனக்குத் தெரிந்த சூசைராஜ் மொத்தமாகப் பேசியதே பத்து வாக்கியம்தான்.

பிறகு அந்தத் தாளை எடுத்து என் முன் விரித்தார். "இருபத்திரண்டு வரைக்கும் அச்சு. இது மட்டும் டைப்பு. யார் சார் அடிச்சது?"

"கம்பெனி பிற்பாடு..." என்று ஆரம்பித்தேன். அவர் பார்வை என் பக்கத்திலிருந்த தட்டச்சு இயந்திரத்தின் மேல் போய் நின்றது.

"ஆஸ்பத்திரியில நாங்களும் இப்படிச் செய்வோம்" என்றார். "எழுந்திரிக்க மாட்டேன்னு படுத்துக் கிடக்கிறவங்ககிட்ட, வராந்தா வரைக்கும் நடக்கணும்னு டாக்டர் எழுதியிருக்காருன்னு சொல்லுவோம். டாக்டர் எழுதியிருக்கவே மாட்டாரு."

வெளியே சூசைராஜ் துடைத்து முடித்துவிட்டு, முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மகள் அதைத் திரும்பிப் பார்த்தார்.

"நாளன்னைக்கு எனக்கு ஃபிளைட் சார். அடுத்த லீவு எப்பன்னு தெரியாது. கீழே இன்னும் ரெண்டு வரிக்கு இடம் இருக்கு" என்று தாளை என் பக்கம் நகர்த்தினார். "முன் சீட்டு காலியா இந்த வண்டி ஓடக் கூடாதுன்னு அடிங்க. நான் சொன்னா கேக்க மாட்டாரு, சீல் இருந்தா கேப்பாரு."

நீட்டித்த வாரண்டியால் பயன் உண்டா என்று இன்றும் என்னைக் கேட்பவர்கள் உண்டு. அச்சடித்த இருபத்திரண்டு நிபந்தனைகளுக்குக் கம்பெனியைக் கேளுங்கள், டைப் அடித்த இரண்டுக்கு மட்டும் நான் உத்தரவாதம்.